உயிர்க்கோளக் காப்பகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: கோத்தகிரியில் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை நிலம் உண்டு. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் வருவதால் வீடு கட்ட முடியாது என்கிறார்களே?

ப: அந்தப் பெயரை மட்டும் காட்டி யாரும் தடுக்க முடியாது. உயிர்க்கோளக் காப்பகம் என்பது இயற்கையையும் அங்கு வாழும் மக்களையும் சேர்த்துப் பார்க்கும் பாதுகாப்புப் பகுதி. 1986-இல் அறிவிக்கப்பட்ட நாட்டின் முதல் காப்பகம்தான் நீலகிரி. 5,520 சதுர கிலோமீட்டர், மூன்று மாநிலங்கள். ஆனால் உயிர்க்கோளக் காப்பகங்களுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டமே கிடையாது. யுனெஸ்கோ 1971-இல் தொடங்கிய திட்டத்தின் வழியில் மத்திய அரசு அறிவிக்கிறது, அவ்வளவுதான். மையப் பகுதிக்குப் பாதுகாப்பு தருவது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டம். முக்கூர்த்தி, அமைதிப் பள்ளத்தாக்கு போன்ற தேசியப் பூங்காக்கள் அதன்கீழ் வருபவை. தோட்டங்களும் ஊர்களும் பெரும்பாலும் அந்த மையத்துக்கு வெளியே உள்ள வட்டம். உங்களைக் கட்டுப்படுத்தக்கூடியவை வேறு: மலைப்பகுதிக் கட்டட விதிகள், 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், யானை வழித்தடம். சர்வே எண்ணை வைத்து இம்மூன்றையும் விசாரியுங்கள். தரகர் சொல்லும் ‘ஒன்றும் ஆகாது சார்’ எந்த அலுவலகத்திலும் செல்லாது.

கே: யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தால் நிலம் அவர்கள் கைக்குப் போய்விடுமா?

ப: போகாது. நீலகிரி அந்தப் பட்டியலில் சேர்ந்தது 2000-இல். உரிமையும் நிர்வாகமும் இன்றும் நம் அரசுகளிடம்தான். பத்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வு அறிக்கை அனுப்ப வேண்டும்.

கே: மன்னார் வளைகுடாவில் எங்கே வலை போடக் கூடாது?

ப: காப்பகம் 10,500 சதுர கிலோமீட்டர். தடை அத்தனைக்கும் இல்லை. 21 தீவுகளைச் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள்தான். மற்ற இடங்களில் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். ஆனால் கடல் அட்டை (கடலடியில் ஊரும் மெல்லுடல் உயிரினம்) விஷயமே வேறு. 2001 முதல் அது வன உயிரினச் சட்டப் பட்டியலில் இருப்பதால், பூங்காவுக்கு வெளியே பிடித்தாலும் வழக்குதான்.

கே: நாங்கள் குறும்பர் பழங்குடியினர். காட்டில் தேன் எடுக்க உரிமை உண்டா?

ப: உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சரணாலயத்துக்குள்ளும் செல்லும். சமூக உரிமைக்கான ‘பி’ படிவத்தைக் கிராம சபையில் கொடுங்கள்; ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

கே: வால்பாறை எந்த உயிர்க்கோளக் காப்பகம்?

ப: எதுவும் இல்லை. அது ஆனைமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர். சட்டப்படி பார்த்தால் உயிர்க்கோளக் காப்பகத்தைவிடப் புலிகள் காப்பகத்துக்குத்தான் பிடி அதிகம்.