சானெட்டின் வடிவத்தை ஏன் படிக்க வேண்டும்?

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மாணவர் ஒருவரின் கேள்வி: "பொருள் புரிந்தால் போதாதா, சானெட்டின் வடிவம் எதற்கு?"

போதாது. பொருள் எங்கே திரும்புகிறது என்பதை வடிவம்தான் காட்டிக்கொடுக்கும். சானெட் என்பது 14 அடிக் கவிதை வடிவம். மலையாள வகுப்பில் கீதகம் என்று கேட்டிருப்பீர்கள், அதேதான். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் பெயரால் வழங்கும் வகை 8, 6 அடிகள் எனப் பிரியும். திருப்பம் பெரும்பாலும் 9ஆம் அடியில். ஷேக்ஸ்பியர் வகையில் மூன்று நாலடிகள், கடைசியில் ஓர் ஈரடி.

ஆங்கிலக் கவிஞர் மில்டன் தன் பார்வையிழப்பைப் பற்றி எழுதிய சானெட்டை எடுங்கள். 'ஆனால் பொறுமை' என்ற திருப்பம் 8ஆம் அடியின் நடுவிலேயே வந்துவிடுகிறது. கவிஞரின் முணுமுணுப்பைத் தடுக்கப் பொறுமை முந்திக்கொண்டு பதில் சொல்கிறது! 9ஆம் அடியை எதிர்பார்க்கத் தெரியாதவருக்கு இந்த அவசரம் கண்ணில் படாது. வெண்பாவின் ஈற்றடி முச்சீர் என்று தெரிந்தவருக்குத்தானே அந்த முடிவின் இறுக்கம் பிடிபடுகிறது?

முதலில் அடிகளுக்கு எண் போடுங்கள். ஈற்றொலிகளுக்கு அ, ஆ, இ எனக் குறியிட்டு, பிறகு 'ஆனால்', 'ஆயினும்', 'ஆகவே' போன்ற சொற்களைத் தேடுங்கள். பலர் சறுக்குவது குறியிடுவதில்தான்: எழுத்தைப் பார்க்கிறார்கள், ஒலியைக் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் கண்ணைக் குறிக்கும் 'ஐ' (eye), சாவதைக் குறிக்கும் 'டை' (die) இரண்டும் எழுத்துக்கூட்டலில் வேறு, இயைபில் ஒன்று. வாய்விட்டுப் படியுங்கள்.

எண்ணுவதையும் விடாதீர்கள். ஷேக்ஸ்பியரின் 126ஆம் சானெட்டில் 12 அடிகளே உண்டு.