பத்து எபிசோடு பறக்கிறது, பதினோராவது ஏன் நகரவில்லை?

கேள்வி: இருபது வருடமாகத் தமிழ் சீரியல் பார்க்கிறவள் நான். கல்லூரியில் படிக்கும் மகள் சொன்னாளே என்று 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' பார்க்க உட்கார்ந்தேன். ஐந்து ராத்திரி தூக்கம் போயிற்று. அடுத்து 'வாட்ஸ் ராங் வித் செக்ரட்டரி கிம்' ஆரம்பித்தேன். பத்து எபிசோடு பறந்தது, அதற்குப் பிறகு நகரவே மாட்டேன் என்கிறது. இந்தக் கொரியக் காதல் தொடர்களில் அப்படி என்னதான் இருக்கிறது? தூக்கம் கெடாமல் பார்க்க வழி உண்டா? அடுத்து எதைப் பார்க்கலாம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இந்தத் தொடர்களின் சரக்கே இழுத்தடிப்புதான். காதல் வருவதற்கு முன்பே இரண்டு பேரும் பிரிய முடியாதபடி ஓரிடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு சாக்கு வேண்டும். அந்தச் சாக்கை முதல் இரண்டு எபிசோடுக்குள் போட்டுவிடுவார்கள். 2005-இல் வந்த 'மை லவ்லி சாம் சூன்' தொடரில் கேக் செய்கிறவளுக்கு வீட்டை மீட்கப் பணம் வேண்டும். உணவக முதலாளிக்கு, அம்மா பார்க்கும் பெண்களிடமிருந்து தப்பிக்க ஒரு போலிக் காதலி வேண்டும். ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தே போட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் பார்த்த 'கிராஷ் லேண்டிங்' தொடரில் சாக்கு இன்னும் பெரிது: பாராகிளைடரோடு காற்றில் அடித்துச் செல்லப்பட்டு வடகொரியாவில் விழுந்தவள், ஒரு ராணுவ கேப்டன் வீட்டில் ஒளிந்திருந்தாக வேண்டும். சாக்கு உயிரோடு இருக்கும்வரை இருவரும் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நாம்தான் அவர்களுக்கு முன்பே தெரிந்துகொண்டு தவிக்கிறோம்.

இரண்டாவது காரணம் பேனா பிடித்தவர்கள். இந்த வகைத் தொடர்களைப் பெரும்பாலும் பெண்கள்தான் எழுதுகிறார்கள். கிம் உன்-சுக், ஹாங் சகோதரிகள், 'கிராஷ் லேண்டிங்' எழுதிய பார்க் ஜி-உன் எல்லோரும் அங்கே நடிகர்களுக்கு நிகராகப் பேர் பெற்றவர்கள். முதல் எபிசோடிலிருந்து கடைசி வரை பொதுவாக ஒருவரே எழுதுவதால், முன்னால் போட்ட முடிச்சு பின்னால் தவறாமல் அவிழும். 'கிராஷ் லேண்டிங்'கில் வரும் அந்த மெழுகுவர்த்தியை நினைத்துப் பாருங்கள். அவள் வாசனை மெழுகுவர்த்தி கேட்கிறாள். அவன் சாதாரண மெழுகுவர்த்தியை வாங்கி வருகிறான். பிறகு ஒருநாள் இருட்டிய சந்தையில் அவள் வழி தெரியாமல் நிற்கும்போது, கூட்டத்துக்கு மேலே அவன் ஒரு மெழுகுவர்த்தியை உயர்த்திப் பிடிக்கிறான். இந்த முறை வாசனையுள்ளது. நாயகன் பணக்காரன், அழகன் என்பதெல்லாம் மேல்பூச்சு. அவள் சொன்னதை அவன் காதில் வாங்கி வைத்திருந்தான் என்பதற்குத்தான் பார்க்கிறவர்கள் மயங்குகிறார்கள்.

இனி உங்கள் பதினோராவது எபிசோடு. வழக்கமான அளவு 16 எபிசோடு, வாரத்துக்கு இரண்டு. முதல் முத்தம் பெரும்பாலும் பாதியில் வந்துவிடும். சாக்கு தீர்ந்தது, இன்னும் எட்டு எபிசோடு பாக்கி. அதை நிரப்பத்தான் சிறுவயது மர்மம், பழைய காதலி, நாயகியை விலகச் சொல்லிப் பணக் கவரோடு வரும் நாயகனின் அம்மா, குறுக்கே பாயும் லாரி எல்லாம். 'செக்ரட்டரி கிம்' கதையில் இருவரும் சீக்கிரமே சேர்ந்துவிட, சிறுவயதுக் கடத்தல் கதை மேலே வருகிறது. அதில்தான் நீங்கள் சிக்கிக்கொண்டீர்கள். 'கிராஷ் லேண்டிங்' அலுக்காததற்குக் காரணம், சேர்ந்த பிறகும் எல்லைக்கோடு அப்படியே இருந்தது.

படப்பிடிப்பு முறைக்கும் இதில் பங்குண்டு. நெடுங்காலம் ஒளிபரப்பு ஓட ஓடவே எழுதிப் படம்பிடித்தார்கள். கடைசி வாரங்களில் வசனத்தாள் அன்றன்றைக்குத்தான் கைக்கு வரும், அவசரம் திரையில் தெரியும். முழுவதும் முன்கூட்டியே எடுத்து முடித்த 'டிசென்டண்ட்ஸ் ஆஃப் தி சன்' 2016-இல் பெருவெற்றி பெற்ற பிறகு இது குறைந்தது. கதைக்குள்ளேயே பொருளைக் காட்டும் விளம்பரத்துக்கு 2010 முதல் அனுமதி உண்டு. சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் திடீரென்று 'சப்வே' என்ற சாண்ட்விச் கடையில் உட்கார்ந்து பொறுமையாகச் சாப்பிடுவது அதனால்தான். (நம் மெகா தொடர் மாதிரி மாமியார், பிறப்பு ரகசியம், பழிவாங்கல் என்று நூறு எபிசோடு தாண்டுகிற தினத்தொடர்கள் கொரியாவிலும் தாராளமாக உண்டு. நம் கண்ணுக்கு வருவது பொறுக்கி எடுத்தது.)

தூக்கம். எபிசோடுக்கு 70 நிமிடம் என்றாலே 16 எபிசோடு ஏறக்குறைய 19 மணி நேரம். கொரியாவில் அதை வாரத்துக்கு இரண்டாகப் பார்த்தார்கள். நீங்கள் ஐந்து ராத்திரியில். எபிசோடு முடிகிற இடத்தில் நிறுத்த முயலாதீர்கள், முடியாது. அந்தக் கடைசி நிமிடம் உங்களை அடுத்ததற்குத் தள்ளவே எழுதப்பட்டது. அந்தப் பதற்றம் அடுத்த எபிசோடின் முதல் பத்து நிமிடத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு அங்கே நிறுத்துங்கள். நாளைக்கு அங்கிருந்து தொடங்கினால் நடுவிலேயே நிறுத்துவது தானாகப் பழகும். நெட்ஃபிளிக்ஸில் பார்ப்பதானால், பிரவுசர் வழியாகக் கணக்கைத் திறந்து, உங்கள் ப்ரொஃபைலின் பிளேபேக் செட்டிங்ஸில் அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியை நிறுத்தச் சொல்லுங்கள்; மகள் ஒரு நிமிடத்தில் செய்துவிடுவாள்.

அடுத்து 'பிசினஸ் ப்ரபோசல்' (2022). தோழிக்குப் பதிலாக வரன் பார்க்கப் போனவளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது அவள் கம்பெனித் தலைவர். 12 எபிசோடுதான், இழுவைக்கு இடம் குறைவு. பிறகு 'ஹோம்டவுன் சா-சா-சா' (2021). 16 எபிசோடு என்றாலும் கடலோர ஊரில் இருக்கிற கிழவிகளும் கடைக்காரர்களும் பிற்பாதியைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். 'செக்ரட்டரி கிம்'மைக் கைவிட வேண்டாம். கடத்தல் காட்சிகளை ஓட்டிவிட்டு, அலுவலகக் காட்சிகளுக்காக முடித்துவிடுங்கள்.

2010-ஐ ஒட்டியும் அதற்கு முன்பும் வந்த பழைய தொடர்களுக்கு அவசரப்பட வேண்டாம். நாயகன் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போவதைக் காதல் என்று காட்டிய காலம் அது. 'சாம் சூன்' மட்டும் விதிவிலக்கு. அதிலும் நாயகன் முரடன்தான், ஆனால் நாயகி அவனுக்குச் சளைத்தவள் அல்ல. 2024-இல் கொரியாவில் அதையே எட்டு எபிசோடாகச் சுருக்கி வெளியிட்டார்கள். அது கைக்குக் கிடைத்தால் அதையே பாருங்கள்.