கபடி ஆடுகிற பையன் கடையைப் பார்த்துக்கொள்வானா?

கேள்வி: என் மகன் திருச்சியில் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரி கபடி அணியில் ரெய்டர். மாலையில் பயிற்சி, சனி ஞாயிறு டோர்னமென்ட் என்று போய்விடுகிறான். ஒரு அரியரும் விழுந்திருக்கிறது. எனக்குக் கரூரில் ஹார்டுவேர் கடை. நாளைக்கு அவன் வேலைக்குப் போனாலும் சரி, கடைக்கு வந்தாலும் சரி, இந்த விளையாட்டு எதற்காவது உதவுமா? நிறுத்தச் சொல்லிவிடலாமா?

பதில்: நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆனால், விளையாடினால் தலைமைப் பண்பு தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். பதினைந்து வருடமாக நிறுவனங்களுக்கு ஆளெடுத்துக் கொடுக்கிறேன். பயோடேட்டாவில் ‘டீம் ஒர்க், லீடர்ஷிப்’ என்று போட்டுக்கொண்டு வரும் ஆட்டக்காரர்களை நிறையப் பார்த்தாயிற்று. “ஒரு உதாரணம் சொல்லுங்க தம்பி” என்றால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

கபடியை ஒரு முறை கடைக்காரர் கண்ணால் பாருங்கள். எதிரணிக் களத்துக்குள் ஒருவன் பாடிப் போவதுதான் ரெய்டு, அதற்கு 30 விநாடி. எதிரே ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் கோட்டைத் தாண்டுவதற்குப் புள்ளி. புரோ கபடியில் இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பிவிட்டால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ரெய்டர் அவுட். முன்னிலையில் இருக்கும்போது எவ்வளவு துணிவது, பின்தங்கியிருக்கும்போது எவ்வளவு துணிவது என்பதை மூச்சை விடாமல் ‘கபடி கபடி’ சொல்லிக்கொண்டே முடிவு செய்ய வேண்டும். பழைய பாக்கி வைத்திருக்கும் காண்ட்ராக்டர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இன்னும் பத்து மூட்டை கேட்கும்போது, கல்லாவில் உட்கார்ந்து நீங்கள் போடுகிற கணக்கும் இந்த ஜாதிதான்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது இன்னொரு விதி. அவுட்டான ரெய்டர் தானாகத் திரும்பி உள்ளே வர முடியாது. உள்ளே இருக்கிறவர்கள் எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால்தான் இவனுக்கு உயிர். எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் ஓரத்தில் உட்கார்ந்து, நேற்று தான் திட்டிய கார்னர் பையன் எப்போது ஒரு பிடி பிடிப்பான் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலாளிக்குக் காய்ச்சல் வந்தால் ஷட்டரை இறக்கிவிடும் கடைகள் நம் ஊரில் எத்தனை! பிறரை நம்பி ஓரமாக உட்காரப் பழகிய பையனிடம் கடையைக் கொடுத்தால், அவன் ஊழியர்களை வேறு மாதிரி நடத்துவான்.

மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ளா, ஐதராபாத்தில் பள்ளிக்காக கிரிக்கெட் ஆடியபோது நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அன்று அவர் பந்துவீச்சு எடுபடவில்லை. கேப்டன் பந்தை வாங்கித் தானே வீசி விக்கெட் எடுத்துவிட்டு, மறுபடி பந்தை நாதெள்ளா கையிலேயே கொடுத்துவிட்டார். பையனின் நம்பிக்கை உடைந்துவிடக் கூடாது என்ற எண்ணம். அந்தக் கேப்டன் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் அதே கிரிக்கெட் வேறு எதையோ கற்றுத் தந்திருக்கும். அதனால் ஒரு நாள் திருச்சிக்குப் போய்ப் பயிற்சியைப் பாருங்கள். தோற்றதும் கோச் வாய்க்கு வந்தபடி திட்டுகிறாரா, எங்கே விட்டோம் என்று உட்கார வைத்துப் பேசுகிறாரா என்பது தெரிந்துவிடும்.

அப்புறம், ஆடுவதோடு விடாமல் ஒரு டோர்னமென்ட் நடத்துகிற வேலையில் அவனை இறங்கச் சொல்லுங்கள். நான் கல்லூரியில் வாலிபால் ஆடியவன், ஆட்டம் சுமார்தான். வசூல் நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு சிமென்ட் கடைக்காரர் மூன்று முறை “அப்புறம் வாப்பா” என்றார். நான்காவது முறை, நோட்டீஸில் அவர் கடைப் பெயர் எந்த மூலையில், எந்த அளவில் வரும் என்று பென்சிலால் வரைந்து எடுத்துப் போனேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தவர், எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஐநூறு ரூபாய் கொடுத்தார். கடைசியில் மைக் செட், டியூப் லைட், நடுவர் சாப்பாடு எல்லாம் போகக் கணக்கில் 180 ரூபாய் இடித்தது. என் பையிலிருந்துதான் போட்டேன். விற்பனை பற்றி நான் வகுப்பில் படித்தது எதுவும் இப்போது ஞாபகம் இல்லை, அந்தப் பென்சில் கோடு இருக்கிறது.

உங்கள் பையன் பி.காம் என்பதால் அணியின் வரவு செலவை அவனே எழுதட்டும். பஸ் கட்டணம், ஜெர்சி, நுழைவுக் கட்டணம் எல்லாம் பில்லோடு. இன்டர்வியூவில் “கேப்டனாக இருந்தேன்” என்பதைவிட, “பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு இவ்வளவு ரூபாயில் போய் வந்தோம், இந்த இடத்தில் பணம் பற்றவில்லை, இப்படிச் சமாளித்தேன்” என்று சொல்கிறவனைத்தான் நிமிர்ந்து பார்ப்போம்.

தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் கல்லூரி அணியில் ஆடியதை மட்டும் வைத்து அது கிடைக்காது. சான்றிதழ்களைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அந்த அரியரைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அதுதான். கேம்பஸ் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் அரியர் இருந்தால் பெயரையே பட்டியலில் சேர்ப்பதில்லை. அவன் எப்படி ரெய்டு போவான் என்று கேட்கவே ஆள் இருக்காது. வருகின்ற செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டும் சனி ஞாயிறு டோர்னமென்ட் வேண்டாம் என்று பேசி முடிவு செய்யுங்கள். அதைக் கோச்சிடம் அவனே போய்ச் சொல்லட்டும், நீங்கள் போன் செய்ய வேண்டாம்.