கேள்வி பதில்: பனிக்குள்ளே பறந்த தட்டு

கேள்வி: சேர், எம்.ஜி.ஆர். விண்வெளிக்குப் போகிற கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது என்று எங்கள் தாத்தா சொல்கிறார். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. அப்படி ஒரு படம் உண்டா?
(மாணவி, பொகவந்தலாவை)

பதில்: தாத்தா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை மகள். படத்தின் பெயர் ‘கலை அரசி’. 1963இல் வந்தது. ஏ. காசிலிங்கம் இயக்கினார். எம்.ஜி.ஆருக்கு ஜோடி பானுமதி. நம்பியாரும் இருக்கிறார். வேறொரு கிரகத்துக்காரர்கள் விஞ்ஞானத்தில் கெட்டிக்காரர்கள். ஆனால் பாட்டு, ஆட்டம் எதுவும் அவர்களுக்கு வராது. கற்றுக்கொடுக்க ஆள் தேடிப் பூமிக்கு வந்து, பாட்டுக்காரி பானுமதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவரை மீட்க எம்.ஜி.ஆர். அந்தக் கிரகத்துக்கே போகிறார். இவ்வளவுதான் கதை.

நான் அதைத் தியேட்டரில் பார்க்கவில்லை. ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்துக்கு முன்னால் இருந்த மட்டமான இடத்தில் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பொங்கலுக்கு மறுநாள். இரண்டு கம்பு நட்டு, நான்கு வேட்டியை ஒன்றாகத் தைத்துத் திரை கட்டியிருந்தார்கள். அம்மாயி கொழுந்து பறிக்கப் போகும்போது போடுகிற கம்பளியைக் கொண்டுவந்து என்னையும் தம்பியையும் சேர்த்துப் போர்த்திவிட்டார். அதில் ஈரமும் கொழுந்து வாசமும் போகவே போகாது.

படம் இரண்டு தடவை அறுந்தது. ஒட்டி ஒட்டி ஓட்டினார்கள். அப்புறம் பனி இறங்கியது. மெஷினிலிருந்து திரைக்குப் போகிற வெளிச்சத்துக்குள் அது புகை மாதிரி சுருண்டு சுருண்டு போனது. சரியாக அந்த நேரம் பறக்கும் தட்டு வந்தது. அது வேட்டியில் போகிறதா, எங்கள் தலைக்கு மேலே போகிறதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. தம்பி கம்பளிக்குள் தலையை இழுத்துக்கொண்டான். நான் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ விண்வெளிப் படங்கள் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு தட்டு எனக்குத் திரும்ப வரவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மாயி சொன்னதுதான் முக்கியம். “அந்தக் கெரகத்துக்காரன் நம்ம தோட்டத்துல எறங்கியிருந்தான்னா ஒங்க தாத்தாவத்தான் தூக்கிட்டுப் போயிருப்பான்.” தாத்தா மாசி மாதம் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிப்பவர். பாட்டு முழுக்க மனப்பாடம். பகலில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கை, ராத்திரி தப்பைத் தொட்டால் லயத்து வீடுகளில் இருக்கிற சனமே எழுந்து வந்துவிடும். ஒரு காம்பரா அறையும் ஒரு குப்பி விளக்கும் தவிர எங்களிடம் வேறு எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, வானத்திலிருந்து தேடி வருகிற அளவுக்கு ஒரு சாமான் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் படத்தை நான் விட்டுக்கொடுக்காமல் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

நடுவில் கதை இழுக்கும், மறைக்கவில்லை. ஆனால் தகரம், அட்டை என்று அந்த மெஷின்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். மனிதன் சந்திரனில் கால் வைத்தது 1969இல். இந்தப் படம் அதற்கு ஆறு வருடம் முந்தியது. இன்னொன்றையும் வீட்டில் சொல்லுங்கள்: எம்.ஜி.ஆர். 1917இல் பிறந்தது நம் கண்டிச் சீமையில்தான். “நம்ம ஊருப் புள்ள வானத்துக்குப் போயிட்டு வந்துருச்சு” என்று அன்றைக்குப் பெரியவர்கள் பேசிக்கொண்டதில் தப்பே இல்லை.

கேள்வி: ராக்கெட் கிளம்பும்போது எண்ணிக்கையைத் தலைகீழாகச் சொல்கிறார்களே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?
(வாசகர், தலவாக்கலை)

பதில்: சினிமாவில் இதைப் பிரபலமாக்கியது ஒரு ஜெர்மன் படம். 1929இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த ‘சந்திரனில் ஒரு பெண்’. அது ஊமைப் படம். அதனால் எண்களை எழுத்தாகத்தான் காட்டினார்கள். ஒன்று, இரண்டு என்று மேலே எண்ணிக்கொண்டு போனால் எப்போது கிளம்பும் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. கீழே எண்ணி வந்தால் தெரியும் என்று லாங் பிற்பாடு விளக்கினார். எவ்வளவு சின்ன யோசனை! கூட்டத்தின் மூச்சையே பிடித்து வைத்துவிடுகிறது.

ராக்கெட் விஞ்ஞானி ஹெர்மன் ஓபர்ட்தான் அவருக்கு ஆலோசகர். அடுக்கடுக்காகக் கழன்று விழுகிற ராக்கெட், கிளம்பும்போது அழுத்தம் தாங்கப் படுத்துக்கொள்வது, எடை இல்லாத இடத்தில் மிதந்துவிடாமல் காலை மாட்டிக்கொள்ள வார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அப்பல்லோ போவதற்கு 40 வருடம் முன்னால்! சந்திரனில் காற்று இருப்பதாகக் காட்டியது மட்டும் பிழை.

கேள்வி: பழைய படங்களுக்குக் கலர் பூசுகிறார்களே, நல்லதுதானே?
(வாசகர், நுவரெலியா)

பதில்: விண்வெளிப் படங்களுக்கு வேண்டவே வேண்டாம். தட்டைக் கட்டித் தொங்கவிட்ட கம்பி அந்த இருட்டில்தான் மறைந்து நிற்கிறது.

கேள்வி: விண்வெளியை நினைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போக மலைநாட்டில் ஏதாவது இடம் உண்டா சேர்?
(ஆசிரியை, கம்பளை)

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது டீச்சர். பேராதனைப் பூங்கா. விண்வெளிக்கு முதன்முதலில் போன மனிதர் யூரி ககாரின் 1961 ஏப்ரல் 12ஆம் தேதி 108 நிமிடத்தில் பூமியைச் சுற்றி இறங்கினார். அதே வருடம் டிசம்பரில் இலங்கைக்கு வந்தார். அங்கே நாட்டுத் தலைவர்கள் நட்ட ஞாபக மரங்கள் வரிசையில் அவர் நட்ட மரமும் இருக்கிறது. எது என்று அங்கே வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள், காட்டுவார்கள். நான் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பேத்தியைத் தூக்கி, ஒரு கிளையைத் தொட வைத்தேன். “இந்த மாமா எவ்வளவு உசரம் போனாரு?” என்று கேட்டாள். நம் நாட்டிலேயே உயரமான பீதுருதாலகால மலையை ஒன்றின் மேல் ஒன்றாக நூற்றுக்கு மேல் அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. வாகனத்தில் ஏறும்வரை அண்ணாந்தே பார்த்துக்கொண்டு வந்தாள்.