இன்டரப்ட் வந்தால் கேர்னல் என்ன செய்யவேண்டும்? – கேள்வி பதில்

சொந்தமாகக் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதிப் பார்க்கும் மலையகப் பிள்ளைகள் கேட்டவை இவை. இன்டரப்ட் என்பது ‘என்னைக் கவனி’ என்று சாதனங்கள் சிபியூவுக்கு அனுப்பும் அழைப்பு; அது வந்ததும் ஓடும் கோடுதான் ஹேண்ட்லர். எக்ஸ்86 கணனியையும் லினக்ஸையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

ஹட்டனிலிருந்து: அக்கா, கீபோர்டில் அழுத்தும் முதல் எழுத்து மட்டும் சரியாக வருகிறது. அப்புறம் எதை அழுத்தினாலும் ஒன்றுமில்லை. டைமர் புள்ளிகள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

டைமர் ஓடுவதுதான் தடயம், தம்பி. ஐஆர்க்யூ என்பது சாதனம் இன்டரப்ட் அனுப்பும் வரியின் எண்: டைமர் ஐஆர்க்யூ 0, கீபோர்ட் ஐஆர்க்யூ 1. இவற்றை வாங்கி சிபியூவுக்கு அனுப்பும் 8259 சிப்பில் எண் குறைந்ததற்கே முன்னுரிமை. 1இன் வேலை இன்னும் முடியவில்லை என்று சிப் நினைத்தால் அதையும் முன்னுரிமையில் அதற்குக் கீழே உள்ளவற்றையும் நிறுத்திவைக்கும். 0 மட்டும் தாண்டி வரும். எழுத்து சரியாக வந்ததால் கீபோர்டின் போர்ட் ஹெக்ஸ் 60ஐ வாசித்திருக்கிறீர்கள். ஆகவே பழி ஈஓஐ (‘வேலை முடிந்தது’ என்று சிப்புக்குச் சொல்லும் கட்டளை) மேல்தான். ஹேண்ட்லர் முடியுமுன் போர்ட் ஹெக்ஸ் 20க்கு ஹெக்ஸ் 20 என்ற மதிப்பை எழுதுங்கள். (எழுத்துக்குப் பதிலாக ‘கீ வந்தது’ என்று மட்டும் அச்சிடுபவர்கள்தான் 60ஐ வாசிக்க மறந்து இதே இடத்தில் மாட்டுவார்கள்.)

பதுளையிலிருந்து: எஸ்டிஐ (இன்டரப்டை அனுமதிக்கும் கட்டளை) கொடுத்த கையோடு டபுள் ஃபோல்ட் (ஒரு பிழையைக் கையாளப் போகும்போதே இன்னொரு பிழை). கோடில் பிழை எதுவும் தெரியவில்லை.

அது டபுள் ஃபோல்டாகவே இல்லாமல் இருக்கலாம். முதல் 32 வெக்டர்களை (எந்த ஹேண்ட்லர் ஓடவேண்டும் என்று காட்டும் எண்கள்) இன்டெல் தனக்கென்று ஒதுக்கிவைத்திருந்தும், 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஐஆர்க்யூ 0 முதல் 7 வரை உள்ளவற்றை 8இலிருந்து 15 வரை கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பயோஸ் இன்றும் அப்படியே விட்டுவைக்கிறது. டபுள் ஃபோல்டின் வெக்டரும் 8. வந்தது வெறும் டைமர். 8259ஐ 32இலிருந்து தொடங்கும்படி மாற்றிவிட்டு எஸ்டிஐ கொடுங்கள். டபுள் ஃபோல்ட் ஸ்டாக்கில் எரர் கோட் ஒன்றை வைக்கும், டைமர் வைக்காது. அதனால் உங்கள் ஹேண்ட்லர் காட்டும் முகவரியும் தப்பாகத்தான் இருக்கும். அதன் பின்னால் அலையவேண்டாம்.

பண்டாரவளையிலிருந்து: சென்சர் டிரைவர் எழுதுகிறேன் அக்கா. ஹேண்ட்லருக்குள் ஐ2சி (சென்சரோடு பேசும் இரு கம்பி இணைப்பு) வழியாக அளவை வாசித்தால் ‘ஸ்கெடியூலிங் வைல் அட்டாமிக்’ என்று கேர்னல் கத்துகிறது.

கத்தத்தான் செய்யும், தங்கச்சி. ஐ2சி வாசிப்பு இடையில் தூங்கும் (பதில் வரும்வரை சிபியூவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கும்); ஹேண்ட்லருக்குள் தூங்கவே கூடாது. கொழுந்து நிறுக்கிற இடத்தைப் பாருங்கள்: நிறுத்து, பேரில் எழுதி, லொறியில் ஏற்றுவதோடு சரி. வாட்டுவதும் அரைப்பதும் ஃபெக்டரியில். லினக்ஸில் அந்த ஃபெக்டரி ஒரு த்ரெட். ரெக்வெஸ்ட்_த்ரெட்டட்_ஐஆர்க்யூவில் முதல் ஹேண்ட்லரை நல் என்று விட்டு, வாசிப்பை த்ரெட் ஃபங்ஷனில் வையுங்கள். ஒன்ஷாட் ஃபிளேக்கையும் (த்ரெட் முடியும்வரை அந்த இன்டரப்டை மூடிவைப்பது) சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் பதிவுசெய்யும்போதே கேர்னல் மறுத்துவிடும்.

மஸ்கெலியாவிலிருந்து: ஹேண்ட்லரும் மற்றக் கோடும் ஒரே பஃபரைத் தொட்டால்?

ஸ்பின்_லொக்_ஐஆர்க்யூசேவ் போடுங்கள். அது லொக்கைப் பிடிக்கும்போதே அந்த சிபியூவில் இன்டரப்டையும் நிறுத்திவைக்கும். வெறும் ஸ்பின்_லொக் போட்டால், லொக்கைப் பிடித்திருக்கும் அதே சிபியூவில் இன்டரப்ட் வந்து ஹேண்ட்லர் அதற்காகவே காத்துநிற்கும். விடியும்வரை நின்றாலும் கிடைக்காது.

நுவரெலியாவிலிருந்து: மழை வந்தால் லயத்தில் கரண்ட் போய்விடும். பழைய டெஸ்க்டாப்பில் சோதிக்கலாமா?

முதலில் லேப்டாப்பில் கியூஈமு (கணனிக்குள் ஓடும் போலிக் கணனி) போடுங்கள். ‘டி இன்ட்’ தெரிவைக் கொடுத்தால் வருகிற ஒவ்வொரு இன்டரப்டும் வெக்டர் எண்ணோடு பதிவாகும், நெட்டும் தேவையில்லை. டெஸ்க்டாப்புக்குப் போகும்போது வட்ட பிளக் உள்ள பிஎஸ்2 கீபோர்டையே மாட்டுங்கள். யூஎஸ்பி கீபோர்ட் போர்ட் 60இல் பதில் சொல்வதெல்லாம் பயோஸின் தயவில்தான்.