கூலிங் டவரும் லெஜியோனெல்லாவும்: மாதாந்திர ரிப்போர்ட் போதுமா?

கேள்வி: பெருங்குடியில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். மொட்டைமாடியில் ஏ.சி. தண்ணீரைக் குளிர்விக்கும் இரண்டு கூலிங் டவர்கள். ஒன்று ஓடும், ஒன்று ஸ்டாண்ட்பை. மூன்று மாடிகளை வாடகைக்கு எடுத்திருக்கும் அமெரிக்க நிறுவனம் லெஜியோனெல்லா (நிமோனியா தரும் நீர்க் கிருமி) கட்டுப்பாட்டுக்கு ஆவணம் கேட்கிறது. கெமிக்கல் காண்ட்ராக்டர் மாதாமாதம் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு), பி.ஹெச்., கடினத்தன்மை ரிப்போர்ட் தருகிறார். அதைக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. சில்லர் (ஏ.சி.யின் குளிரூட்டும் இயந்திரம்) குழாயில் உப்புப் படியுமா, துரு பிடிக்குமா என்பதைத்தான் அந்த ரிப்போர்ட் சொல்லும். கிருமியைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது.

2015-ல் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் ஒரு கூலிங் டவரின் நீர்த்திவலையால் 138 பேருக்கு லெஜியோனேர்ஸ் நிமோனியா வந்து 16 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே டவர்களைப் பதிவு செய்வதும் சோதிப்பதும் சட்டமானது. சென்னையில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. உங்கள் வாடகைதாரர் மனதில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்க ஏ.சி. பொறியாளர்கள் சங்கமான ஆஷ்ரேயின் 188 தரநிலை. அது கேட்பது எழுதிவைத்த நீர் மேலாண்மைத் திட்டம்: தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்ற வரைபடம், எங்கெங்கே ஆபத்து, யார் எப்போது எதைப் பார்க்க வேண்டும், அளவு தவறினால் என்ன செய்வது, செய்ததற்குப் பதிவு. முதலில் வாடகைதாரரிடம் எந்தத் தரநிலை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கிருமி 20 முதல் 45 டிகிரி வரை பெருகும். குளிர்நாட்டு டவருக்குக் கோடைதான் கவலை. நம் டவரிலோ குளிர்ந்து விழும் தண்ணீரே வருடத்தின் பெரும்பகுதி 30 டிகிரியை ஒட்டி நிற்கிறது. மார்கழியிலும் 20-க்குக் கீழே போவதில்லை. நமக்கு ஓய்வு மாதமே கிடையாது.

ஃபேனை நிறுத்திவிட்டு, கையுறையும் என்95 முகக்கவசமும் போட்டுக்கொண்டு, சம்ப் (டவரின் அடித்தொட்டி) சுவரை நீர்மட்டத்தில் விரலால் தடவிப் பாருங்கள். வெண்டைக்காய் நறுக்கிய கைபோல வழுக்கினால் அது பயோஃபிலிம், கிருமிகள் சேர்ந்து கட்டும் படலம். லெஜியோனெல்லா குடியிருப்பது அதற்குள்தான். கிருமிக்கொல்லி மருந்து மேல்தண்ணீரில் கலந்தாலும் அந்த வழுவழுப்புக்குள் எளிதில் போகாது.

சென்னையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு ஒன்று உண்டு. 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு கட்டடத்தில் ப்ளோடவுன் வால்வை (உப்பு ஏறிய தண்ணீரை வெளியேற்றுவது) கம்பி சுற்றி மூடியிருந்தார்கள், லாரித் தண்ணீரை மிச்சப்படுத்த. பஞ்சம் தீர்ந்த பிறகும் கம்பியை யாரும் அவிழ்க்கவில்லை. ஃபில்லை (டவருக்குள் தண்ணீர் வழிந்து குளிரும் அடுக்கு) கழற்றியபோது தேன்கூட்டுக் கண்களெல்லாம் சுண்ணாம்பு அடைத்துக் கிடந்தன; நடுவே பழுப்புச் சேறு. கிருமிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. உங்கள் வால்வு திறக்கிறதா என்று நீங்களே ஏறிப் பாருங்கள்.

போர் தண்ணீரானால் பி.ஹெச்.சையும் கவனியுங்கள். டவரில் ஆவியாகி ஆவியாகி அது 8.5-ஐத் தாண்டிவிடும். அந்த நிலையில் குளோரின் ஊற்றினாலும் பெரும்பகுதி வீரியமற்ற வடிவத்துக்கு மாறிவிடுகிறது. புரோமின் அங்கே நன்றாக வேலை செய்யும். காண்ட்ராக்டரிடம் இதைப் பேசுங்கள். மருந்து போட்டவுடன் ப்ளோடவுன் திறந்து அத்தனையும் சாக்கடைக்குப் போகாமல் நேரத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

சோதனைக்கு பிரிட்டனின் வழிகாட்டி நல்ல அளவுகோல். வாரம் ஒரு டிப் ஸ்லைடு (தண்ணீரில் முக்கியெடுத்து, வளரும் கிருமியைக் கணக்கிடும் தகடு): மில்லிலிட்டருக்கு 10,000-க்குள் இருந்தால் சரி, ஒரு லட்சத்தைத் தாண்டினால் உடனே நடவடிக்கை. இது பொதுவான பாக்டீரியா எண்ணிக்கைதான், லெஜியோனெல்லாவைக் காட்டாது. அதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐ.எஸ்.ஓ. 11731 முறையில் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. அந்தச் சோதனைக்கென்றே என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபாகப் பாருங்கள். வழக்கமான குடிநீர்ச் சோதனையில் இது சிக்காது. லெஜியோனெல்லா லிட்டருக்கு 100 வரை ஏற்கலாம். 1,000-ஐத் தாண்டினால் கிருமிநீக்கம், மறுசோதனை. முடிவு வர பத்து நாளாகும். மருந்து போடுவதற்கு முன்பு, மருந்தின் வீரியத்தை முறிக்கும் தயோசல்பேட் போட்ட பாட்டிலில் எடுங்கள். மருந்து ஊற்றிய அரைமணியில் எடுத்த சாம்பிள் எப்போதும் சுத்தமாகத்தான் வரும்.

உங்கள் ஸ்டாண்ட்பை டவர்தான் எனக்கு அதிகக் கவலை. தேங்கிய தண்ணீரோடு வாரக்கணக்கில் நிற்கவிடாதீர்கள். வாரந்தோறும் மாற்றி ஓட்டுங்கள், இல்லையேல் வடித்துக் காயவிடுங்கள். பொங்கல் விடுமுறையில் நின்ற டவரை மீண்டும் ஓட்டும்போதும் கவனம்: முதலில் ஃபேன் இல்லாமல் தண்ணீரைச் சுழலவிட்டு மருந்து போடுங்கள், பிறகு ஃபேன். டிரிஃப்ட் எலிமினேட்டர் (திவலை வெளியே போகாமல் பிடிக்கும் தடுப்பு) உடைந்திருந்தால் மாற்றுங்கள். திவலை கட்டடத்துக்குள் போய்விடாமலிருக்க, புதுக்காற்று உள்ளிழுக்கும் வாய் டவருக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று வரைபடத்தில் குறியுங்கள்.

டவர் கழுவுகிற தொழிலாளர்கள் ஜெட் அடிக்கும்போது எழும் திவலையை முதலில் சுவாசிப்பவர்கள் அவர்கள்தான். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு இறங்கவிடாதீர்கள். கழுவுவதற்கு முன்பு கிருமிநீக்கம், ஃபேன் நிறுத்தம், அளவுக்கேற்ற என்95. இந்த மூன்றையும் வேலை ஆணையிலேயே எழுதுங்கள். கழுவியவர்களில் யாருக்காவது இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால், டவரில் வேலை பார்த்ததை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். பென்சிலின் வகை மருந்துகள் இதற்குக் கேட்காது, டாக்டருக்கு அந்த விவரம் உடனே தெரிய வேண்டும்.