கருகும் கிளையும் கொழிக்கும் தளிரும்

கேள்வி: கொல்லையில் பன்னிரண்டு ஒட்டு ரோஜாச் செடிகள் வைத்திருக்கிறேன். கவாத்து செய்த பிறகு கிளைகள் நுனியிலிருந்து கறுத்துக் கீழிறங்குகின்றன. உரக்கடைக்காரர் தந்த மூன்று மருந்துகளும் பலன் தரவில்லை. நான்கு செடிகளில் மட்டும் அடியிலிருந்து கொழுகொழுவென்று தளிர் கிளம்பி ஆள் உயரம் வளர்ந்திருப்பது ஆறுதல், மொட்டுதான் இல்லை. என்ன மருந்து அடிப்பது?
— வாசகி, நிலக்கோட்டை

பதில்: அம்மா, நீங்கள் ஆறுதல் என்று எழுதிய தளிர்கள்தாம் எனக்குக் கவலை தருகின்றன.

முதலில் கருகல். வெட்டிய முனை வழியே பூசணம் இறங்கியிருக்கிறது. கறுப்புக்கு இரண்டு அங்குலம் கீழே, பச்சைக் கிளையில் வெட்டுங்கள். உள்ளே பழுப்பாக இருந்தால் வெளுப்புத் தெரியும்வரை இன்னும் கீழே போங்கள். வெட்டிய முனையில் போர்டோ பசை பூசுங்கள்: 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, தனித்தனியே அரை லிட்டர் நீரில் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் சேர்க்க வேண்டும். செடியைப் பார்க்காமலே மூன்று புட்டிகளை விற்பவரிடம் இனி வைத்தியம் கேட்காதீர்கள்.

இப்போது தளிர். தண்டின் அடிமண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். முடிச்சுப்போல் புடைத்திருப்பது ஒட்டு, அதாவது நல்ல ரகத்தை வேறொரு ரோஜாவின் வேரோடு இணைத்த இடம். தளிர் அதற்குக் கீழே கிளம்பியிருந்தால் அது நீங்கள் வாங்கிய ரோஜா இல்லை, வேர் தந்த அந்த அடிச்செடி. சாற்றை எல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். மேலே இருக்கும் நல்ல ரகம் பட்டினியில் காயும். 'வாங்கும்போது சிவப்பு, பிறகு ரகம் மாறிவிட்டது' என்று பலர் எனக்கு எழுதுகிறார்கள். ரகம் மாறுவதில்லை அம்மா, ஒட்டிய செடி செத்து அடிச்செடி பிழைத்திருக்கிறது. ஒரு காம்பில் ஏழு இலை என்றால் அடியில் இருக்கும் காட்டுச்செடி என்பார்கள். நம்பாதீர்கள், நல்ல ரகங்களும் ஏழு விடும். தளிர் எங்கே பிறக்கிறது என்பதே கணக்கு.

கத்தரியால் நறுக்கினால் அடியில் முளைக்கும் கண்கள் மிஞ்சி, ஒன்றுக்கு மூன்றாக முளைக்கும். கையுறை மாட்டி, பிறந்த இடத்திலிருந்தே கீழ்நோக்கிப் பிய்த்தெடுங்கள். புண்ணுக்கும் அதே பசை.

செம்மண் உருண்டைக்குள் ஒட்டை மறைத்து விற்கும் நாற்றுப்பண்ணைகள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. ஒட்டைக் கண்ணால் காணாமல் செடி வாங்கக் கூடாது. நடும்போது அது மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் நிற்க வேண்டும். அடுத்த முறை பன்னீர் ரோஜாக் குச்சி நடுங்கள். சொந்த வேர் என்பதால், எங்கே தளிர்த்தாலும் அதே பூதான்.